துண்டுக்குள் நீட்டிய கை

எழுதுறதைக் கொஞ்சம் நிறுத்துங்க அம்மணி. பேனாவை மூடுங்க. மூடினாத்தான் சொல்லுவேன்.

காலேஜுல இருந்து வந்திருக்கீங்க. கொரோனாவுக்கு அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டால மாட்டுச் சந்தைக்கு நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவுன்னு எடை போடப் போறீங்க. சரி. காலையில இருந்து ஒவ்வொருத்தனையா நிறுத்திக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க, நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். 'கட்டுப்பாடு தேவைதான், ஓரளவு தேவை, தேவையே இல்லை.' இதுல ஒண்ணைச் சொல்லணும். அவ்வளவுதானே? ஏனுங்க அம்மணி, நானும் எடை போட்டுப் பொழைக்கிறவன்தான். தராசு இல்லாம. மாட்டை ஒரு சுத்து சுத்தி வந்தேன்னா பல்லு எத்தனை, எத்தனையாவது ஈத்து, மடி எவ்வளவு தாங்கும், ஓட்டிக்கிட்டு வந்தவன் எவ்வளவு புளுகறான், எல்லாத்தையும் சொல்லிடுவேன். அந்தக் கண்ணால உங்க கட்டுப்பாட்டையும் சுத்தி வந்து பார்த்தவன் நான். என் பதில் என்ன தெரியுமா? தூ! அதுதான் பதில். அதை எழுத உங்க தாள்ல இடம் இருக்கா? இல்லை. அப்பக் கேளுங்க.

டீயைக் குடிங்க, ஆறிடும்.

அதோ, அந்த மினி லாரிக்குப் பக்கத்துல, கட்டம் போட்ட சட்டை, தோள்ல பச்சைத் துண்டு. தெரியுதா? ஜாபர். எங்க மாட்டு யாவாரி மஸ்தான் பாயோட மகன். இப்ப விக்கக் கட்டியிருக்கிற இந்தச் செவலை மாட்டைப் பார்க்க இங்கே வருவான். வந்து என்ன பண்றான்னு உங்க கண்ணால பாருங்க. அதுக்குத்தான் உங்களை உட்கார வெச்சது. எனக்கு ஒரு சாட்சி வேணும்.

நீங்க டவுன்காரங்க, தெரிஞ்சிருக்காது. எங்க தொழில்ல விலையை வாயால சொல்றதில்லை. என்னை மாதிரித் தரகன் ஒரு பக்கம், விக்கிறவனோ வாங்குறவனோ இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் வலது கையை நீட்டுவோம், மேலே துண்டைப் போட்டு மூடிக்குவோம். உள்ளே விரல் பேசும். இந்த விரலைப் பிடிச்சா இவ்வளவு, ரெண்டைச் சேர்த்துப் பிடிச்சா இவ்வளவு, உள்ளங்கையில சுரண்டினா அதுல பாதி. சுத்தி நிக்கிறவன் எங்க மூஞ்சியத்தான் பார்க்கலாம். மூஞ்சியில ஒண்ணும் இருக்காது. ஒருத்தன் கஷ்டத்துக்குக் கறவை மாட்டைக் கொண்டாந்து அடிமாட்டு விலைக்குக் குடுத்துட்டுப் போறான்னு வைங்க, அது ஊருக்குத் தெரியாது. அவனைப் பார்த்து ஒருத்தனும் இளிக்க முடியாது. அவன் மானத்தை மூடுற துண்டுங்க அது.

இன்னொண்ணு சொல்றேன். விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மஸ்தான் பாய்க்கு இன்னும் கொஞ்சம் ஏறலாம்னு மனசு இருந்தா, அவர் சுண்டுவிரல் லேசா இறுகும். அது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் நான் அதை அவர்கிட்ட சொல்லவே இல்லை. ஏன் சொல்லணும்?

நான் காலனி ஆளுங்க. இதுல ஒளிக்க என்ன இருக்கு. இந்த லாரியெல்லாம் வராத காலத்துல அடுத்தவன் மாட்டை ஊரு ஊரா நடத்தி ஓட்டிக்கிட்டுப் போய், அடியும் மிதியும் வாங்கித் தொழில் கத்துக்கிட்டவன். எங்களுக்கு டீக்கடையில தனிக் கிளாஸ் இருந்த காலம் அது. அப்பேர்ப்பட்ட காலத்துல, பெரிய தோட்டத்துக்காரரு மாட்டை விக்கணும்னா என்ன பண்ணணும்? என் துண்டுக்குள்ளே கையை விட்டுத்தான் ஆகணும். இந்தச் சென்னியப்பன் விரலைப் பிடிச்சுத்தான் ஆகணும். வெளியே தொட மாட்டான், துண்டுக்குள்ளே தொடுவான். எனக்குச் சிரிப்புச் சிரிப்பா வரும். துண்டை எடுத்ததும் கையை வேட்டியில துடைச்சுக்கிற பெரிய மனுஷங்களையும் பார்த்திருக்கேன். துடைக்காத ஆளு மஸ்தான் பாய் ஒருத்தர்தான். பேரம் முடிஞ்சதும் துண்டை உருவிட்டு, ஊரு பார்க்க என் கையை இன்னொரு தடவை பிடிச்சுக் குலுக்குவாரு. "சென்னி, இன்னிக்கும் என்னை மொட்டையடிச்சிட்டியேப்பா"ம்பாரு. நானா அடிச்சேன்? அவர் சுண்டுவிரல் அடிச்சுது.

அப்படி வாழ்ந்தவன் காதுல, ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு வந்து 'தொடாதே, தள்ளி நில்லு, தொடாதே, தள்ளி நில்லு'ன்னு கத்தினா எப்படி இருக்கும்? இதுல புதுசா என்னடா சொல்றீங்கன்னு இருந்துச்சு எனக்கு.

முதல் வருஷம் சந்தையை மூடினாங்க. சரி, புது நோவு, யாருக்கும் ஒண்ணும் தெரியலை, பொறுத்துக்கிட்டோம். அப்புறம் எதைத் திறந்தாங்க? ஒயின் ஷாப்பைத் திறந்தாங்க! வட்டம் போட்டு, குடை பிடிச்சு, போலீஸ் காவலோட வரிசை நிக்குது. மாடு விக்கிறவன் நின்னா நோவு வரும், சரக்கு வாங்குறவன் நின்னா வராதாம். அடுத்த வருஷம் ஓட்டுக் கேட்டு வந்தாங்களே, அப்ப எங்க போச்சு உங்க இடைவெளி? லாரி லாரியா ஆளைக் கொண்டாந்து கொட்டினாங்க. எல்லாக் கட்சியும்தான். ஓட்டுப் போட்ட மை அழியறதுக்குள்ளே திரும்பவும் பூட்டு. மாடு தின்னாம இருக்குமா? தீவனம் வரலை. பால் வண்டி பாதி நாள் வரலை. தறி ஓடலை. தறிக்காரன் பொண்டாட்டி ஆசையா வளர்த்த கன்னுக்குட்டியைக் கொண்டாந்து எங்க வீட்டு வாசல்ல கட்டிட்டு அழறா. "அண்ணா, எந்த விலைன்னாலும் தள்ளி விடுங்க"ங்கறா. ஆபீசருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. அவரு வீட்டுக்குள்ளே இருந்தா நாடு பொழைக்கும். இவ வீட்டுக்குள்ளே இருந்தா?

சாவு நடக்கலைன்னு நான் சொல்லலை. நானும் பார்த்தேன். ஆம்புலன்ஸு சத்தம் கேட்காத நாளில்லை. அதுக்காக?

தகரம் அடிச்சாங்களே, அதைப் பார்த்தீங்களா நீங்க? ஒரு வீட்டுல ஒருத்தனுக்குன்னா தெருவுக்கே தகரம். பக்கத்து ஊருல எங்க சனம் இருக்கிற தெருவை அடைச்சாங்க. தகரத்தைப் பிரிச்சு எத்தனையோ நாள் ஆகியும் அந்தத் தெரு ஆளை ஒருத்தனும் காட்டு வேலைக்குக் கூப்பிடலை. தோட்டத்துக்காரனுக்கு நல்ல சாக்கு. எங்க தெருவுக்குக் கண்ணுக்குத் தெரியாத தகரம் எப்பவோ அடிச்சாச்சு, இதுல நிசத் தகரம் வேறயான்னு நாங்க எல்லாரும் பேசி ஒரு முடிவு பண்ணினோம். எவன் மூக்குலயும் குச்சி விட விடறதில்லை. எவனுக்கும் காய்ச்சல் இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் பொண்ணுங்க வருவாங்க, வீடு வீடாக் காய்ச்சல் பார்க்க, துப்பாக்கி மாதிரி ஒண்ணை நெத்தியில காட்டுவாங்க. எனக்கு அப்பப் பார்த்துக் கொஞ்சம் உடம்பு சூடு. கத்திரி வெயிலுங்க அம்மணி, மாட்டுக்கே நாக்குத் தள்ளுது, மனுஷனுக்குச் சூடு பிடிக்காதா? சூட்டுக் காய்ச்சல். இளநி குடிச்சாப் போயிடும். அந்தப் பொண்ணு தெருமுனையில வரும்போதே நான் துண்டை நனைச்சுத் தலையில போர்த்திக்கிட்டு உட்கார்ந்துட்டேன். நெத்தி சில்லுன்னு ஆயிடுச்சு. துப்பாக்கியைக் காட்டினா, "நார்மலா இருக்குங்கண்ணா"ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டா. சந்தைக்கு வர்ற மாட்டுக்கு உப்புத் தண்ணி காட்டி வயித்தை நிரப்பி நிறுத்துறவன்கிட்ட வந்து பேட்டரித் துப்பாக்கியைக் காட்டினா ஆகுமா? கூடவே வந்த நர்ஸம்மாதான் கொஞ்சம் விவரம். "அண்ணா, எதுக்கும் டெஸ்ட் எடுத்துக்குங்க, ஒரு வாரம் வெளியே போகாதீங்க"ன்னா. "நீங்க வந்து எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுவீங்களா"ன்னு கேட்டேன். போயிட்டா.

அந்த வாரம் பூரா எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. வீட்டுக்காரியும் சரியாச் சமைக்கலை. கருவாட்டுக் குழம்பு வெச்சா, மண்ணைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு. வாசமே இல்லை. உப்பும் இல்லை, புளியும் இல்லை. "என்னடி வெச்சிருக்கே"ன்னு தட்டைத் தூக்கி வீசினேன். பிள்ளைங்க நல்லாத்தான் இருக்குங்கறாங்க. அவங்க ஆத்தாளுக்குச் சப்போர்ட்டு. எல்லாத்துக்கும் காரணம் வீட்டுக்குள்ளேயே அடைச்சு வெச்சதுதான். கட்டுத்தறியிலேயே கட்டி வெச்ச மாடு முட்டத்தான் செய்யும்.

அப்பத்தான் நான் ஒரு காரியம் பண்ணினேன். அரசாங்கம் பண்ணாததை இந்தச் சென்னியப்பன் பண்ணினான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. ரோட்டுல இருந்து பார்த்தாத் தெரியாது. விடியறதுக்கு முன்னால நாலு மாடு, அஞ்சு மாடுன்னு ஓட்டிக்கிட்டு வரச் சொல்லி அங்கே சந்தையைக் கூட்டினேன். திருட்டுச் சந்தைன்னு சொல்லுவான் போலீஸ்காரன். எத்தனை வீட்டுல அடுப்பெரிஞ்சுது தெரியுமா அதனால?

பாய்க்குப் போன் போட்டேன். அவருக்கு வர மனசில்லை. "சென்னி, எங்க தெருவுல ரெண்டு மையத்துப்பா. பிளாஸ்டிக்குல சுத்திக் குடுக்கறாங்க. முகத்தைக்கூடப் பார்க்க முடியலை. ரெண்டு மாசம் போகட்டுமே"ன்னாரு. "மாடு இளைக்குது பாய்"ன்னேன். "இளைச்ச மாட்டைத் தேத்திக்கலாம் சென்னி"ன்னாரு. நான் விடுவேனா? "மாட்டைத் தேத்திக்கலாம் பாய், அது வரைக்கும் மாட்டுக்காரன் எதைத் தின்பான்? சம்பூரணத்தோட மாடு வந்து நிக்குது. புருஷன் இல்லாதவ. மகன் தறியில நின்னுக்கிட்டு இருந்தவன், இப்ப வீட்டுல குந்திக்கிட்டு இருக்கான். நீங்க வரலைன்னா அவ அந்த மாட்டைக் கறிக்குத்தான் குடுக்கணும்"னேன். பாய்க்கு இந்த மாதிரி சொன்னாத் தாங்காது. எனக்குத் தெரியும்ல?

வந்தாரு. ஜாபர்தான் வண்டியில கொண்டாந்து விட்டான். இறங்குறாரு, மூஞ்சியில ரெண்டு மாஸ்க். அது போகட்டும். கையைப் பார்க்கறேன், நீல நிறத்துல ரப்பர் உறை! ஆஸ்பத்திரியில மாட்டுவாங்களே, அது.

"என்ன பாய், பிரசவம் பார்க்க வந்தீங்களா?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பாயும் சிரிச்சாரு. "பொண்ணு நர்ஸுக்குப் படிக்குதில்ல சென்னி, சத்தியம் வாங்கிட்டுத்தான் வெளியே விட்டா"ன்னாரு.

மாட்டைச் சுத்திப் பார்த்தாரு. பிடிச்சிருச்சு. சம்பூரணம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. பக்கத்துல அவ கொழுந்தன், குடிகாரப் பய. விலை அவன் காதுல விழுந்துச்சுன்னா அந்தக் காசு அவ வீடு போய்ச் சேராது. நான் கையை நீட்டித் துண்டைப் போட்டேன். பாய் உறை மாட்டின கையை உள்ளே விட்டாரு.

தொட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது அம்மணி. வழுவழுன்னு, செத்த பாம்பைப் பிடிச்ச மாதிரி. விரலு எது, இறுக்கம் எது, ஒரு இழவும் தெரியலை. கையை வெடுக்குன்னு உருவிக்கிட்டேன்.

"என்ன பாய் இது?"

"கோவிச்சுக்காதே சென்னி. வேணும்னா போன்ல நம்பரை அடிச்சுக் காட்டறேன். நீ பார்த்துட்டு நீயும் அடி. யாருக்கும் தெரியாது"ன்னு போனை எடுக்கறாரு.

ஜாபரும் வண்டியில உட்கார்ந்தபடியே, "ஆமாங்க மாமா, போன்லயே பேசிக்குங்க"ன்னான். அப்பெல்லாம் என்னை மாமான்னுதான் கூப்பிடுவான்.

போன்ல பேரம் பேசவா நான் இத்தனை வருஷம் தொழில் பண்ணினேன்? போனுக்குச் சுண்டுவிரல் இருக்கா? எனக்குத் தலைக்கேறிடுச்சு. அத்தனை பேருக்கு நடுவுல கேட்டேன்: "பாய், கையைத் தொட்டுட்டு வேட்டியில துடைக்கிறவனைப் பார்த்திருக்கேன். உறை மாட்டிக்கிட்டுத் தொடற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அது நீங்களா இருப்பீங்கன்னு நினைக்கலை. நான் காலனிக்காரன்னு இப்பத்தான் உங்களுக்கு ஞாபகம் வந்துச்சா?"

அவ்வளவுதான். அந்த மனுஷன் முகம் செத்துப் போச்சு. "அய்யோ சென்னி, என்ன வார்த்தை சொல்லிட்டே"ன்னாரு. ஜாபர் "அத்தா, வேண்டாம்"னு வண்டியை விட்டு இறங்கறதுக்குள்ளே ரெண்டு உறையையும் உருவிக் கீழே போட்டுட்டுக் கையை என் துண்டுக்குள்ளே விட்டாரு.

பாருங்க அம்மணி, அதுதான் பாய். அதுதான் மனுஷன்.

அன்னிக்குப் பேரம் நெடுநேரம் போச்சு. நான் லேசுல விடலை, சம்பூரணத்துக்கு நல்ல விலை வாங்கிக் குடுக்கணும்ல? அவர் சுண்டுவிரல் இறுகுது, நான் ஏத்தறேன். மறுபடி இறுகுது, மறுபடி ஏத்தறேன். நடுவுல இருமல் வேற வந்து தொலையுது எனக்கு, தோப்புத் தூசி. பேரத்துக்கு நடுவுல பாய் என் கையை அப்படியே ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "சென்னி, உன் கை கொதிக்குதேப்பா"ன்னாரு. "வெயிலு பாய்"ன்னேன். விடிஞ்சும் விடியாத நேரம், ஆனாலும் கத்திரி இல்லையா? எவ்வளவு பாசம் பாருங்க. விலை பேசற நேரத்துல எவன் அடுத்தவன் கைச்சூட்டைப் பார்ப்பான்?

மாடு நல்ல விலைக்குப் போச்சு. துண்டை உருவிட்டு எப்பவும் போலக் கையைக் குலுக்கினாரு. சம்பூரணம் கும்பிட்டா. இன்னிக்கும் அவ வீடு அந்தக் காசுலதான் நிமிர்ந்து நிக்குது, போய்க் கேளுங்க. கட்டுப்பாட்டை மதிச்சு வீட்டுக்குள்ளே இருந்திருந்தா நடந்திருக்குமா?

அதுக்கப்புறம் பாய்க்கு முடியலைன்னாங்க. ஆஸ்பத்திரியில இடமில்லைன்னாங்க. வராந்தாவுல படுக்க வெச்சாங்களாம். ஆக்சிஜன் வருது வருதுன்னாங்களாம். சந்தையை மூடத் தெரிஞ்சவனுக்கு ஒரு கட்டில் போடத் தெரியலை. அதுதான் கொன்னுச்சு அவரை. வேறென்ன? நல்லா இருந்த மனுஷன்!

பாயோட மையத்தை அடக்கம் பண்ற இடத்துக்குப் போனேன். கயிறு கட்டி நிறுத்திட்டாங்க. இத்தனை பேருக்கு மேலே விட மாட்டோம்னு போலீஸ்காரன் லத்தியைக் குறுக்கே நீட்டறான். "டேய், அது என் பாய்டா, கையை ஒரு தடவை பிடிச்சுட்டு வந்துடறேன்டா"ன்னு கத்தறேன். கையாவது காலாவது, எல்லாத்தையும் சேர்த்துச் சுத்தித்தானே வெச்சிருந்தாங்க. ஜாபர் திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

சந்தையைத் திறந்தாங்க. அப்பன் இடத்துல ஜாபர் வந்தான். நல்ல கண்ணு அவனுக்கு, அப்பன் கண்ணு. நான்தான் முதல் ஆளாத் துண்டைப் போட்டுக் கையை நீட்டினேன். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு விலையை வாயால சொன்னான். சந்தை பூராக் கேட்க. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. மத்தவங்ககிட்ட? மத்த எல்லாத் தரகனோட துண்டுக்குள்ளேயும் கையை விடறான்! என்கிட்ட மட்டும் ஏலம். வாரா வாரம் இதுதான். மாமான்னு கூப்பிட்ட வாய் இப்ப 'தரகரே'ங்குது. விலை வெளியே தெரியும்னா எவன் என்கிட்ட மாட்டைக் குடுப்பான்? பாதிப் பேரு என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. போகட்டும், தொழிலு கிடக்குது கழுதை. எனக்கு அந்தக் கை வேணும் அம்மணி. ஒரே ஒரு தடவை. பாய் மகன் என் துண்டுக்குள்ளே கையை விடணும். அதுக்கப்புறம் நான் சந்தைக்கே வராமப் போனாலும் சரி.

ஒரு நாள் வழி மறிச்சுக் கேட்டுட்டேன். "உங்கப்பன் என்னைப் பத்தி ஏதாவது தப்பாச் சொல்லிட்டுப் போனாராடா?"ன்னு. அவன் தரையைப் பார்த்துக்கிட்டு, "அத்தா தப்பா ஒண்ணும் சொல்லலை. வராந்தாவுல கிடந்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. 'சென்னி கை கொதிச்சுதேடா, அவன் எப்படி இருக்கான்னு பாருடா'ன்னு"ன்னான். பாருங்க! சாகக் கிடக்கிற நேரத்துலயும் என் நெனப்பு. அப்பேர்ப்பட்ட அப்பனுக்குப் பொறந்தவன் இப்படி...

ஏன் அம்மணி அப்படிப் பார்க்கறீங்க?

இருங்க, வரான். வரான் பாருங்க. வா தம்பி. செவலை, தலையீத்து, பல்லைப் பாரு, சுழியைப் பாரு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. மாட்டுக்காரரு இவருதான், தூரத்துல இருந்து வந்திருக்காரு, பொண்ணு காரியத்துக்கு விக்கறாரு. பார்த்தியா? சரி. இந்தா, துண்டு போட்டுட்டேன். கையைக் குடு ஜாபர். காலேஜு அம்மா பார்த்துக்கிட்டு இருக்காங்க. குடுப்பா. நானு உன் மாமன்தானே?

டேய்! சத்தமாச் சொல்லாதடா! டேய்!

...கேட்டீங்களா. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். அவனுக அத்தனை பேரும் இங்கே பார்த்து இளிக்கறாங்க பாருங்க. ஐயா, கயித்தை அவிழ்க்காதீங்க. இருங்க, நான் வேற ஆளைப் பார்க்கறேன். ஐயா! போறாரு. போங்க. எல்லாரும் போங்க.

என்ன அம்மணி, பேனாவை எடுத்துட்டீங்க? எழுதுங்க. கட்டுப்பாடு வேணுமா வேண்டாமான்னு கேட்டீங்கல்ல? தொடாதேன்னு சொல்லிக் குடுத்தது யாரு? அரசாங்கம். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவன் இன்னும் ஆடறான். எனக்கு வந்த நட்டம் எல்லாம் அதனாலதான்னு எழுதுங்க. எழுதலையா? ஏன் என் கையையே பார்க்கறீங்க?

அது சூட்டுக் காய்ச்சல்தானுங்க. கத்திரியில யாருக்குத்தான் கை சுடாது? இந்தாங்க, இப்பக்கூடச் சுடும், வெயில்ல உட்கார்ந்திருக்கோம்ல. நீங்க படிச்சவங்க. தொட்டுப் பார்த்துட்டு வெயிலுதான்னு சொல்லுங்க. எழுதக்கூட வேண்டாம், வாயால சொன்னாப் போதும்.

சும்மா தொடுங்க அம்மணி. வேணும்னா மேலே துண்டைப் போட்டுக்கறேன்.